எழுத விடுதல்: சில லினக்ஸ் குறிப்புகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக மொன்றியலில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பல பழைய கணினிகள் லினக்ஸுக்கு மாறின. பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் நான் பார்க்கப் போகும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "தம்பி, யூஎஸ்பிக்குள்ள இருக்கிற படம் தெரியுது. ஆனா புதுசா ஒண்டும் போட விடுதில்லை." இந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் வேறு வேறு காரணங்கள் இருக்கும். அவற்றைப் பிரித்து எழுதி வைக்கிறேன். அடுத்துப் பார்க்க வருகிறவர் எவராக இருந்தாலும் உதவும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் காசில் வாங்கிய டிஸ்க்கில் தன் படத்தைப் போட ஒருவருக்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவைப்படக் கூடாது. அதற்காக அந்தக் கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்லிவிடவும் கூடாது. எழுதும் உரிமையை மட்டும், உரியவருக்கு மட்டும் கொடுக்க லினக்ஸில் வழி இருக்கிறது. அரை மணி நேரம் பொறுமையாக இருந்து அந்த வழியை அமைத்துக் கொடுப்பதுதான் நல்ல உதவி.

*

முதலில் செய்தியை வாசிக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் திரை பிரெஞ்சு பேசுகிறது. அம்மம்மாவுக்குப் பேத்தி வாசித்துச் சொல்கிறாள். ஆனாலும் இரண்டு செய்திகளைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

"பெர்மிஷன் டினைடு" என்று வந்தால் சிக்கல் அனுமதியில்தான், இந்தப் பயனருக்கு எழுத உரிமை இல்லை. "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் எவராலும் எழுத முடியாது, நிர்வாகியான ரூட்டாலும் முடியாது. அப்போது அனுமதிகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ரீட்-ஒன்லிக்கு நான் அடிக்கடி காணும் காரணங்கள் மூன்று. ஒன்று, கேமரா எஸ்டி கார்டின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டு கீழே தள்ளப்பட்டிருப்பது. இரண்டு, டிஸ்க்கில் பிழை கண்ட லினக்ஸ் கர்னல், மேலும் கெடாமல் இருக்கட்டும் என்று அதைத் தானாகவே ரீட்-ஒன்லியாக மாற்றியிருப்பது. இது எச்சரிக்கை. அனுமதியைத் தேடாமல் உடனே உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகல் எடுக்க வேண்டும். மூன்று, விண்டோஸ். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, கணினியை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் வைக்கிறது. டிஸ்க் செருகியபடியே அப்படி அணைத்திருந்தால் அதன் என்டிஎஃப்எஸ் பகுதி "இன்னும் பாவனையில் உள்ளது" என்ற குறியோடு நிற்கும். லினக்ஸ் அதைக் கண்டதும் எழுத மறுக்கும், சில வேளை திறக்கவே மறுக்கும். திரும்ப விண்டோஸில் செருகி, ஒழுங்காகக் கழற்றிவிட்டு வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொரு செய்தியும் உண்டு: ஃபைல் மிகப் பெரிது. ஃபேட்32 டிஸ்க்கில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கலியாண வீடியோக்கள் இந்த இடத்தில்தான் நிற்கும். இதற்கும் அனுமதிக்கும் தொடர்பே இல்லை.

*

ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டும் உரிமையாளர் என்ற எண்ணமே இல்லாத அமைப்புகள். ஒரு ஃபைல் யாருடையது என்று எழுதி வைக்க அந்த டிஸ்க்கில் இடமே கிடையாது. லினக்ஸோ ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர் ஒருவரைக் காட்டியாக வேண்டும். ஆகவே டிஸ்க்கை மவுண்ட் செய்யும், அதாவது கோப்பு மரத்தில் இணைக்கும், நேரத்தில் யாருடைய பெயர் சொல்லப்படுகிறதோ அவருக்கே முழு டிஸ்க்கும் சொந்தம் என்று காட்டும். பெயர் ஒன்றும் சொல்லாவிட்டால் மவுண்ட் செய்தவருடையது.

டெஸ்க்டாப்பில் செருகினால் இது தானாகவே சரியாக நடக்கிறது. செருகியவரின் பெயரிலேயே மவுண்ட் ஆகும். கறுப்புத் திரையில் சூடோ போட்டு மவுண்ட் செய்யும்போதுதான் குழப்பம் வருகிறது. சூடோ போட்டால் மவுண்ட் செய்தவர் ரூட். ஆகவே எல்லாம் ரூட்டுடையது, மற்றவர் வாசிக்கலாம், எழுத முடியாது. அதன் பின் உரிமையாளரை மாற்றும் கட்டளையைக் கொடுத்தாலும் மறுப்பு வரும், எழுதி வைக்க இடமில்லாத டிஸ்க் அல்லவா. மருந்து ஒன்றுதான்: அன்மவுண்ட் செய்து, இந்த முறை பயனரின் எண்ணையும் குழுவின் எண்ணையும் மறைப்பு எண்ணையும் சொல்லி மவுண்ட் செய்வது. மறைப்பு எண் 007 என்றால் உரிமையாளரும் குழுவும் எழுதலாம், வெளியார் எட்டிப் பார்க்கவும் முடியாது. 022 என்றால் மற்றவர் வாசிக்க மட்டும்.

எக்ஸ்ஃபேட் பற்றி ஒரு வரி. பெரிய எஸ்டி கார்டுகள் எல்லாம் அதில்தான் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் 2019 ஓகஸ்டில் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு, 2020-இல் வந்த கர்னல் 5.7-இலிருந்து லினக்ஸிலேயே ஒழுங்கான ஆதரவு இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கைமாறும் டிஸ்க்குக்கு நான் இதையே சொல்கிறேன்.

*

எக்ஸ்ட்4 இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர் டிஸ்க்கிலேயே பதிந்திருக்கும். ஆனால் பதிவாவது பெயர் அல்ல, எண்.

டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாவற்றிலும் முதலாவதாகச் சேர்க்கும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. ஒரு வீட்டின் மடிக்கணினியில் அம்மா 1000, மகள் 1001. டிஸ்க்கில் அம்மா போட்ட படங்கள் எல்லாம் 1000. அதே டிஸ்க்கை மகள் லாவாலில் இருக்கும் தன் வீட்டுக் கணினிக்குக் கொண்டு போனால், அங்கே அவள்தான் 1000. அம்மாவின் ஃபைல்கள் எல்லாம் அவளுடையதாகத் தெரியும், எழுதவும் முடியும். திரும்பி அம்மா வீட்டில் தன் கணக்கில் செருகினால் எழுத முடியாது. வீட்டில் ஏன் வேலை செய்யவில்லை, அங்கே ஏன் வேலை செய்தது என்று குழம்பிப் போகிறார்கள். டிஸ்க் மாறவில்லை, எண்தான் மாறியது.

பழைய ஃபெடோரா, ரெட் ஹேட் கணினிகளில் முதல் எண் 500. ஃபெடோரா 2011-இல்தான் 1000-க்கு மாறியது. அந்தக் காலத்து டிஸ்க் ஒன்று இன்று வெளிவந்தால் உரிமையாளர் இடத்தில் பெயருக்குப் பதில் வெறும் 500 என்று நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஒருமுறை ரூட்டாக நின்று உரிமையாளரை மாற்றினால் போதும்.

இதிலிருந்து பாதுகாப்புக்கு ஒரு பாடமும் இருக்கிறது. எக்ஸ்ட்4 அனுமதிகள் அந்தக் கணினிக்குள் மட்டும்தான் காவல். டிஸ்க்கை எடுத்துப் போய் வேறொரு கணினியில் ரூட்டாகச் செருகினால் எல்லாம் திறந்திருக்கும். மறைக்க வேண்டியதை லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்ய வேண்டும். எழுதும் அனுமதி வேறு, இரகசியம் வேறு.

*

புது டிஸ்க்கை எக்ஸ்ட்4-ஆக மாற்றியவர்கள் எல்லோரும் சந்திக்கும் சிக்கல்: கட்டளை வழியாக ஃபோர்மட் செய்தால் அதன் உச்சி ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாகப் பிறக்கும். வெறும் டிஸ்க், ஆனாலும் ஒரு ஃபைல்கூடப் போட முடியாது. இந்த நேரத்தில் பலர் செய்வது, டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, மவுண்ட் ஆகும் வெறும் ஃபோல்டரின் அனுமதியை மாற்றுவது. அது பயன்படாது. டிஸ்க் மவுண்ட் ஆன கணத்தில் அந்த ஃபோல்டர் மறைந்து, டிஸ்க்கின் உச்சி ஃபோல்டர் அந்த இடத்துக்கு வந்துவிடும். மவுண்ட் செய்த பிறகு மாற்ற வேண்டும், ஒரே முறை போதும், மாற்றம் டிஸ்க்கிலேயே பதிந்துவிடும்.

*

777.

தேடினால் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். எல்லா ஃபைலுக்கும் எல்லா ஃபோல்டருக்கும் எல்லோருக்கும் எல்லா அனுமதியும். வேலை செய்யும். அதுதான் ஆபத்து. வேலை செய்வதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாவி தொலைந்ததற்கு வாசல் கதவையே கழற்றி வைப்பது போன்றது இது.

என்ன கெடும்? படம், பாட்டு, கடிதம் எல்லாம் "இயக்கக் கூடிய நிரல்" என்ற குறியைப் பெறும். எது நிரல், எது ஆவணம் என்ற வேறுபாடு போய்விடும். ஒரே கணினியைப் பாவிக்கும் சிறுவன் ஒருவன் தவறுதலாகத் தாத்தாவின் ஃபோல்டரை அழிக்கலாம். பின்னணியில் ஓடும் எந்தச் சேவையும், எந்தக் கணக்கின் பெயரில் ஓடினாலும், அந்த ஃபோல்டருக்குள் எழுதலாம். அதற்கு மேல், புதிதாக உருவாகும் ஃபைலுக்கு 777 வராது. நாளைக்கே அதே முறைப்பாடு திரும்ப வரும். அன்றைக்கும் 777 போடுவார்கள். அது பழக்கமாகிவிடும். இந்தப் பழக்கத்தை விடச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

*

பலர் பாவிக்கும் டிஸ்க்குக்கு நல்ல முறை. வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றின் கணினிகளில் நாங்கள் செய்திருப்பது இதுதான். ஆசிரியர்கள் பலர், வினாத்தாள்கள் இருக்கும் டிஸ்க் ஒன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு குழுவை உண்டாக்க வேண்டும். அந்தக் குழுவின் எண் எல்லாக் கணினியிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், 3000 என்று வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கில் பதிவாவது குழுவின் எண்ணும்தான் என்பதால் இது முக்கியம். இதை மறந்தால் ஒரு கணினியில் சரியாகவும் அடுத்ததில் பிழையாகவும் நடக்கும்.

ஆசிரியர் ஒவ்வொருவரையும் அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்த பின் அவர்கள் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். அதுவரை புதிய குழு அவர்களுக்கு வந்து சேராது.

டிஸ்க்கின் உச்சி ஃபோல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்து, 2770 என்று அனுமதி வைக்க வேண்டும். முன்னால் நிற்கும் 2, உள்ளே பிறக்கும் ஒவ்வொரு ஃபைலும் அதே குழுவுக்கே சொந்தமாகும்படி பார்த்துக்கொள்ளும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இது போதாது. குழு சரியாக வரும், ஆனால் டெபியனின் வழக்கமான மறைப்பு 022 என்பதால் குழுவுக்கு வாசிக்கும் உரிமை மட்டுமே வரும். ஒரு ஆசிரியர் போட்ட வினாத்தாளை மற்றவர் திறக்கலாம், திருத்த முடியாது. இதற்குத்தான் இயல்பு ஏசிஎல். "இந்த ஃபோல்டருக்குள் பிறப்பவற்றில் இந்தக் குழு எழுதலாம்" என்று ஃபோல்டரிடமே சொல்லி வைப்பது. எக்ஸ்ட்4 இதை நினைவில் வைத்திருக்கும். அதன் பின் மறைப்பு எண் குறுக்கே வராது.

கவனம்: ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபைல்களை இது மாற்றாது, அவற்றுக்கு ஒருமுறை தனியாகச் செய்ய வேண்டும். பழைய அனுமதிகளைக் காப்பாற்றியபடி நகல் எடுத்தால் அந்தப் பழைய அனுமதியே தொடரும்.

*

வகுப்பில் கண்ட இன்னொன்று. ஒரு ஆசிரியை டிஸ்க்கைச் செருகி வேலை செய்தார். அவர் கணக்கிலிருந்து வெளியேறாமலே அடுத்தவர் தன் கணக்குக்கு மாறினார். டிஸ்க் அவருக்குத் தெரிந்தது, திறக்கவில்லை. குழுவும் சரி, ஏசிஎலும் சரி. காரணம், டெஸ்க்டாப் டிஸ்க்கை மவுண்ட் செய்வது செருகியவரின் பெயரிலுள்ள தனி ஃபோல்டருக்குள். அந்த ஃபோல்டருக்குள் மற்றவர் காலடி வைக்க முடியாது. தனியாள் கணினிக்கு இது நல்ல ஏற்பாடு. பொது டிஸ்க்குக்கு மட்டும், செருகும் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவின் விதி ஒன்றில் அந்த டிஸ்க்கின் அடையாளத்தைச் சொல்லி "இது பகிர்வுக்குரியது" என்று எழுதினால் பொது இடத்தில் மவுண்ட் ஆகும்.

எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் என்றால் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதலாம். எஸ்டிபி1 போன்ற பெயரால் குறிப்பிடக் கூடாது, செருகும் வரிசையைப் பொறுத்து அது மாறும். டிஸ்க்கின் யூயூஐடியால் குறிப்பிட வேண்டும். "நோஃபெயில்" என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் கணினி தொடங்கும்போதே காத்து நின்று, கடைசியில் அவசர நிலைக்குப் போய்விடும்.

*

இந்த வசதி எல்லாம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். யூனிக்ஸ் பரம்பரையில் மவுண்ட் செய்வது ரூட்டின் வேலை. பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் பத்து மாணவர் இருந்தால், யாரோ ஒருவர் தன் டிஸ்க்கைச் செருகி மற்றவர்களுடைய கோப்பு மரத்தில் ஒட்டிவிடுவதை விரும்பமாட்டார்கள். பிறகு எஃப்எஸ்டேப்பில் "யூசர்" என்ற சொல் வந்தது. அந்த வரியில் உள்ள டிஸ்க்கைச் சாதாரணப் பயனரும் மவுண்ட் செய்யலாம். ஆனால் எந்த டிஸ்க் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஃப்ளாப்பிக்கும் சிடிக்கும் அது போதுமாக இருந்தது. யூஎஸ்பி வந்ததும் போதவில்லை.

2003-இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் கிரெக் குரோ-ஹார்ட்மன் யூடெவ் பற்றிய கட்டுரையை முன்வைத்தார். செருகும் சாதனத்துக்கு அந்த நேரத்திலேயே பெயரும் அனுமதியும் கொடுக்கும் வேலை கர்னலுக்கு வெளியே, எவரும் விதி எழுதக் கூடிய இடத்துக்கு வந்தது. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் நடந்த கூட்டம் அது. 2009-இல் அதே கருத்தரங்கு மொன்றியலிலேயே நடந்தது.

அதே காலத்தில் டெபியனும் உபுண்டுவும் மார்ட்டின் பிட் எழுதிய பிமவுண்டைக் கொண்டுவந்தன. "பிளக்டெவ்" என்ற குழுவில் இருப்பவர் கழற்றி மாட்டும் டிஸ்க்குகளை மவுண்ட் செய்யலாம். எளிமையான, நேர்மையான ஏற்பாடு. டெபியன் நிறுவியில் முதல் பயனரை இன்றும் அந்தக் குழுவில் சேர்க்கிறார்கள். 2017 ஓகஸ்டில் டெபியன் ஆட்களின் உலகக் கூட்டமான டெப்கான்ஃப் மொன்றியலின் மெய்சொன்னேவ் கல்லூரியில் நடந்தது. உலகெங்கும் இருந்து வந்து, பெரும்பாலும் சம்பளமில்லாமல், ஒரு சாதாரண மனிதரின் யூஎஸ்பி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுவரை யோசிக்கும் கூட்டம் அது. அந்த உழைப்புக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

*

இன்றைய ஏற்பாட்டில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். யூடிஸ்க்ஸ் டிஸ்க்கை மவுண்ட் செய்கிறது. போல்கிட் அனுமதி உண்டா என்று தீர்மானிக்கிறது. லாகின்-டி இப்போது திரைக்கு முன்னால் இருப்பது யார் என்று சொல்கிறது.

கழற்றக் கூடிய டிஸ்க் என்றால், கணினிக்கு முன்னால் உண்மையாக அமர்ந்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமல் மவுண்ட் செய்யலாம். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வந்தவர் செய்ய முடியாது, நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். கணினிக்கு உள்ளேயே பொருத்தப்பட்ட டிஸ்க் என்றால் பெரும்பாலும் முன்னால் இருப்பவருக்கும் கடவுச்சொல் கேட்கும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் நியாயம் தெரிகிறது. கையில் எடுத்து வந்து செருகியவருக்கு அந்த டிஸ்க் மேல் ஓர் உரிமை இருக்கிறது. ஏற்கெனவே பெட்டிக்குள் இருப்பது வீட்டார் எல்லோருக்கும் பொதுவானது. அந்த வேறுபாட்டை நிரலுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு காவலும் உண்டு. அப்படி மவுண்ட் ஆகும் டிஸ்க்கில் நோசூயிட், நோடெவ் என்ற இரண்டு தடைகள் எப்போதும் இருக்கும். இல்லாவிட்டால் வீட்டில் தன் கணினியில் ரூட்டாக இருப்பவர், ரூட் அதிகாரத்தோடு இயங்கும் நிரல் ஒன்றை எக்ஸ்ட்4 யூஎஸ்பியில் போட்டுக்கொண்டு வந்து, நூலகக் கணினியில் செருகி, அங்கேயும் ரூட் ஆகிவிடலாம். டிஸ்க்கில் எழுத விடுவது வேறு, டிஸ்க் கொண்டுவரும் அதிகாரத்தை ஏற்பது வேறு.

*

2025 ஜூனில் இந்த இடத்திலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள். குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டது, எண் சிவிஇ-2025-6019. யூடிஸ்க்ஸ் பாவிக்கும் லிப்பிளாக்டெவ் என்ற நூலகம், எக்ஸ்எஃப்எஸ் டிஸ்க் ஒன்றின் அளவை மாற்றும்போது அதைத் தற்காலிகமாக ஓரிடத்தில் மவுண்ட் செய்கிறது. அந்தச் சிறு நேரத்தில் நோசூயிட், நோடெவ் இரண்டும் இல்லை. முன்னால் அமர்ந்திருக்கும் சாதாரணப் பயனர் அதைப் பிடித்து முழு ரூட் ஆகிவிடலாம். திருத்தம் சிறியது, மறந்துபோன இரண்டு தடைகளையும் சேர்ப்பதுதான். முக்கிய லினக்ஸ் விநியோகங்கள் அதை விரைவில் வெளியிட்டன.

இதைப் பார்த்துவிட்டு "யூஎஸ்பியையே பூட்டு" என்பவர்களோடு நான் உடன்படவில்லை. எழுத விட்டது பிழையல்ல, ஒரு மூலையில் காவல் நிற்காததுதான் பிழை. நாங்கள் செய்ய வேண்டியது கணினியைக் காலத்தோடு புதுப்பிப்பது. லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

*

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மறுபக்கத்தின் பெயர் தெரியும்: டெஜார்டான் என்ற நிதிக் கூட்டுறவு நிறுவனம். 2019 ஜூனில் வெளிவந்த தகவல் கசிவு. உள்ளே வேலை செய்த ஒருவர் இரண்டு வருடங்களுக்கு மேலாக உறுப்பினர்களின் விவரங்களை எடுத்துக்கொண்டிருந்தார். 2020 டிசம்பரில் கனடாவின் தனியுரிமை ஆணையர் வெளியிட்ட அறிக்கை, பாதிக்கப்பட்டவர் தொகை ஏறத்தாழ 97 இலட்சம் என்றது. மொன்றியல் தமிழர் பலருக்கும் அந்த வருடம் கடிதம் வந்தது.

விவரங்கள் போன வழிதான் என் குறிப்புக்கு வேண்டியது. கட்டுப்பாடு உள்ள களஞ்சியத்திலிருந்த தகவலை, வேலைக்காக மற்ற ஊழியர்கள் ஒரு பகிர்வு ஃபோல்டருக்கு நகல் எடுத்து வைத்தார்கள். அந்த ஃபோல்டரைப் பார்க்க உரிமையற்றவரும் பார்க்க முடிந்தது. அவர் அங்கிருந்து தன் கணினிக்கு எடுத்து, பிறகு யூஎஸ்பிக்கு எழுதினார். இரண்டு இடங்களில் அனுமதி தேவைக்கு மேல் அகலமாக இருந்தது: பகிர்வு ஃபோல்டரில் வாசிக்கும் உரிமை, யூஎஸ்பியில் எழுதும் உரிமை.

ஆகவே பிறருடைய விவரங்களை வைத்திருக்கும் அலுவலகத்தில் நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். அங்கே யூஎஸ்பி இயல்பாக மூடியிருக்க வேண்டும், தேவைப்பட்டவருக்குத் திறக்க வேண்டும். லினக்ஸில் அதற்கும் போல்கிட் விதி போதும்: இன்ன குழுவுக்கு மட்டும் மவுண்ட் உரிமை. இன்னும் இறுக்கமாக வேண்டுமானால் யூஎஸ்பிகார்ட் போன்ற கருவி, பதிவு செய்த சாதனத்தை மட்டும் உள்ளே விடும். கோயில் நிர்வாகமானாலும் சங்கமானாலும் உறுப்பினர் பட்டியலும் நன்கொடை விவரமும் இருக்கும் கணினிக்கு இதே விதி. படங்கள் இருக்கும் கணினியும் பட்டியல் இருக்கும் கணினியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று இப்போது எல்லா இடத்திலும் சொல்லி வருகிறேன்.

கேள்வி எப்போதும் ஒன்றேதான்: எழுதப்படுவது யாருடையது? தன்னுடையதை எழுதுபவருக்கு வழி விட வேண்டும். பிறருடையதை எழுதிக்கொண்டு போகக் கூடிய இடத்தில் காரணம் கேட்க வேண்டும்.

*

அந்த டிஸ்க்குகளுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்தவர்களுக்கு நான் ஏன் இதில் இவ்வளவு கவனம் காட்டுகிறேன் என்பது விளங்கும். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இருந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களில் பலர் பிறகு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் வந்த தலைமுறையின் படங்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், விஎச்எஸ்ஸிலிருந்து மாற்றிய கலியாணங்கள், கோயில் சிறப்பு மலர்கள் எல்லாம் இப்போது இப்படிப்பட்ட டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன. பலரிடம் ஒரே நகல். "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் 2005-இலிருந்து எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்து வருகிறது. அங்கே போய்ச் சேரக் கூடிய பழைய மலர்கள் இன்னும் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. ஸ்கேன் செய்தால் முதலில் போகும் இடம் ஒரு வெளி டிஸ்க்.

எழுத முடியாத டிஸ்க்கில் இரண்டாவது நகல் எடுக்க முடியாது. முறைப்பாடு சொல்ல வெட்கப்பட்டு, "சரி, பிறகு பாப்பம்" என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். ஒரு அனுமதிச் சிக்கலால் நகல் எடுக்காமல் விட்ட படம், டிஸ்க் பழுதான பின் எந்த நிர்வாகி வந்தாலும் திரும்பாது.

*

சிறு குறிப்புகள்.

ஸ்னாப் வடிவில் நிறுவிய பல நிரல்களுக்கு வெளி டிஸ்க்கைப் பார்க்கவே உரிமை இராது. பயனருக்கு அனுமதி இருக்கும், ஃபைல் மேலாளர் எழுதும், ஆனால் அந்த ஒரு நிரல் மட்டும் எழுதாது. அந்த நிரலின் அமைப்பில் கழற்றக் கூடிய சாதனங்களுக்கான இணைப்பைத் திறந்துவிட வேண்டும். ஃப்ளாட்பேக்கிலும் இதே கதை உண்டு.

எழுதி முடிந்ததாகத் திரை சொன்ன பின்னும் தகவல் நினைவகத்தில் நிற்கலாம். "பாதுகாப்பாகக் கழற்று" அழுத்தி, கழற்றலாம் என்ற செய்தி வரும்வரை இருக்க வேண்டும். அவசரமாகப் பிடுங்கிய டிஸ்க்தான் அடுத்த முறை ரீட்-ஒன்லியாக வரும்.

ஜனவரியில் காரில் விட்ட ஹார்ட் டிஸ்க்கை வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே செருகக் கூடாது. உறைந்த உலோகத்தில் வீட்டுச் சூட்டின் ஈரம் படியும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடிய பையிலேயே இருக்கட்டும்.

ரோஸ்மோன் பகுதியில் இன்செர்டெக் 1998-இலிருந்து பழைய கணினிகளைச் சீர்செய்து விற்கிறது, இளைஞருக்குத் தொழில் பழக்குகிறது. புதுக் கணினி வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அது.

*

வருங்காலம் பற்றி. 1000, 1001 சிக்கலுக்கு நல்ல மருந்து வந்திருக்கிறது. 2021-இல் வந்த கர்னல் 5.12-இல் கிறிஸ்டியன் பிராவ்னர் சேர்த்த ஐடி-மாற்ற மவுண்ட். டிஸ்க்கில் உள்ள எண்ணைத் தொடாமல், மவுண்ட் ஆகும் நேரத்தில் மட்டும் "அங்கே 1000 என்பது இங்கே 1001" என்று சொல்லலாம். டிஸ்க்கில் ஒரு ஃபைலின் உரிமையாளரையும் மாற்றத் தேவையில்லை. அம்மாவின் டிஸ்க் மகளின் கணக்கிலும் எழுதும், திரும்பப் போனாலும் எழுதும். 2023-இலிருந்து மவுண்ட் கட்டளையிலேயே இந்த வசதி இருக்கிறது. இப்போதைக்கு ரூட் செய்து வைக்க வேண்டியிருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஒரு கேள்வியாக, "இந்த டிஸ்க் உங்களுடையதா?" என்று கேட்டுத் தானாகச் செய்யும் நாள் வர வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த எங்கள் பிள்ளைகள் இந்த நகரத்துப் பல்கலைக்கழகங்களில் நிறையவே இருக்கிறார்கள். யாராவது இதை எடுத்துச் செய்தால், இங்கே மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஒரே கணினியைப் பகிரும் வீடுகளுக்கெல்லாம் பயன்படும்.

*

வகுப்புக் கணினிகளுக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு எழுதிய தாள்:

செய்தியை முழுதாக வாசிக்கவும். ரீட்-ஒன்லி என்றால் அனுமதியைத் தொட வேண்டாம், முதலில் நகல் எடுக்கவும்.

தனி டிஸ்க் என்றால் உங்கள் கணக்கில் உள்நுழைந்து நீங்களே செருகவும். சூடோ வேண்டாம்.

பொது டிஸ்க் என்றால் ஆசிரியர் குழு. குழுவில் இல்லாவிட்டால் கேளுங்கள், அன்றே சேர்த்துவிடுவோம்.

777 வேண்டாம்.

மாணவர் விவரம் எந்த யூஎஸ்பியிலும் வேண்டாம்.

எழுத முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டாம், சொல்லுங்கள். அதைச் சரிசெய்வது எங்கள் வேலை.